ஒரே வளாகம், இரண்டு சோதனைகள்: சான் ஹோசே பல்கலைக்கழகத்தில் 2012–13இல் நடந்தது

சர்க்யூட் தியரி, அதாவது மின்சுற்றுப் பாடம், எடுக்கிற எந்த ஆசிரியரைக் கேட்டாலும் ஒன்று சொல்வார்: அந்தப் பாடத்தில் அரியர் விழாத வகுப்பே கிடையாது. நானும் அந்தப் பாடம்தான் எடுக்கிறேன். அதனால் கலிஃபோர்னியாவில் உள்ள சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தின் கணக்கைப் பார்த்தபோது எனக்கு அது தூரத்து ஊர்ச் செய்தியாகப் படவில்லை. அங்கே மின்பொறியியல் மாணவர்கள் எடுக்கும் அறிமுகச் சர்க்யூட் பாடத்தில் பத்துக்கு நாலு பேர்வரை போதிய கிரேடு வாங்காமல் மறுபடி படிக்க வேண்டியிருந்தது. 2012 இலையுதிர்கால செமஸ்டரில் எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் வீடியோக்களை வைத்து நடந்த ஒரே ஒரு பிரிவில் மட்டும் 91 சதவீத மாணவர்கள் தேறினார்கள். வழக்கம்போல் நடந்த இன்னொரு பிரிவில் தேறியவர்கள் 59 சதவீதம்.

அடுத்த செமஸ்டரில் அதே பல்கலைக்கழகம் உடாசிட்டி என்ற வேறொரு தளத்தோடு சேர்ந்து மூன்று பாடங்களை முழுக்க முழுக்க ஆன்லைனில் நடத்தியது. மூன்றில் எதிலுமே தேர்ச்சி 51 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஜூலை மாதம் அந்தத் திட்டத்தை வரப்போகும் இலையுதிர்கால செமஸ்டருக்குத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதாக அறிவித்தார்கள்.

ஊர் ஒன்று, வளாகம் ஒன்று, நிர்வாகமும் ஒன்றே. இடைவெளி சில மாதங்கள்தான். இரண்டிலும் வீடியோ பாடம், இரண்டிலும் தானாகத் திருத்தும் கேள்விகள், இரண்டின் பின்னாலும் உலகப் புகழ் பெற்ற பேராசிரியர்கள். அப்படியிருந்தும் முடிவுகள் ஏன் இப்படிப் பிரிந்தன என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

அந்த வருடத்தின் காற்று

2011 இலையுதிர்காலத்தில் ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஏறத்தாழ 1,60,000 பேர் பதிந்தார்கள். அடுத்த சில மாதங்களிலேயே த்ரன் உடாசிட்டி நிறுவனத்தைத் தொடங்கினார். 2012 மார்ச்சில் எம்ஐடி தன் முதல் ஆன்லைன் பாடத்தைத் தொடங்கியது. அது சர்க்யூட்டும் எலெக்ட்ரானிக்ஸும். பாடத்தை நடத்தியவர்களில் முக்கியமானவர் அனந்த் அகர்வால், 1982இல் சென்னை ஐஐடியில் பி.டெக் முடித்தவர். அந்த ஆண்டு மே மாதம் எம்ஐடியும் ஹார்வர்டும் ஆளுக்கு 3 கோடி டாலர் போட்டு எட்எக்ஸ் அமைப்பை உருவாக்கின. அகர்வால் அதன் தலைவரானார்.

அந்த முதல் சர்க்யூட் பாடத்தில் பதிந்தவர்கள் சுமார் 1,55,000 பேர். சான்றிதழ் வாங்கியவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. ஏழாயிரம் பேருக்குப் பாடம் எடுக்க ஒரு ஆசிரியருக்குப் பல வருடங்கள் ஆகும், அதனால் அது சின்ன எண் அல்ல என்று அகர்வால் தரப்பு வாதாடியது. நியாயமான வாதம்தான். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தின் வேலை வேறு. சேர்த்துக்கொண்ட பிள்ளை ஒவ்வொருவரையும் கரை சேர்க்கிற பொறுப்பு அதற்கு உண்டு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் வழியிலேயே இறங்கிப்போனால் அது திறந்த இணையத்தில் பரவாயில்லை, வகுப்பறையில் முடியாது.

சான் ஹோசே பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. சிலிக்கன் பள்ளத்தாக்கின் நடுவில் இருக்கிறது, ஆனால் ஸ்டான்ஃபோர்டின் வசதி எதுவும் அதற்கில்லை. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் அங்கே நிறைய. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு மாநில அரசு நிதியை வெட்டிக்கொண்டே வந்தது. புதிதாகச் சேர்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அடிப்படைக் கணக்கிலோ ஆங்கிலத்திலோ போதிய தகுதி இல்லாமல் வந்தார்கள். குறைந்த செலவில் நிறையப் பேரைத் தேற்ற வேண்டும் என்ற நெருக்கடி பல்கலைக்கழகத் தலைவர் முகம்மது கயூமிக்கு இருந்தது. அந்த நெருக்கடி உண்மையானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரை வில்லனாக்கி இந்தக் கதையைச் சொல்வது சுலபம், ஆனால் சரியில்லை.

முதல் சோதனை: வீடியோ வீட்டில், கணக்கு வகுப்பில்

பேராசிரியர் கோஸ்ரோ கதிரி எட்எக்ஸின் சர்க்யூட் வீடியோக்களை எடுத்துக்கொண்டார். எண்பது சொச்சம் மாணவர்கள் இருந்த தன் பிரிவில் முறையைத் தலைகீழாக மாற்றினார். லெக்சரை மாணவர்கள் வீட்டில் பார்த்துவிட்டு வர வேண்டும். வீடியோவுக்கு இடையிடையே வரும் சின்னப் பயிற்சிகளையும் முடித்திருக்க வேண்டும். எங்கே புரியவில்லை என்பதை வகுப்புக்கு முன்பே எழுதி அனுப்ப வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் 75 நிமிடம். தொடக்கத்தில் கொஞ்ச நேரம், மாணவர்கள் அனுப்பிய சந்தேகங்களைப் பேசுவார். அப்புறம் மூன்று மூன்று பேராகப் பிரிந்து கணக்குப் போடுவார்கள். ஆசிரியரும் உதவியாளர்களும் மேசைக்கு மேசை போவார்கள். முதலில் குழுவாக ஒரு வினாத்தாள், பிறகு தனித்தனியாக ஒன்று.

இதில் எதுவும் அவர் கண்டுபிடித்ததல்ல. ஹார்வர்டில் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலேயே இயற்பியல் வகுப்பில் லெக்சரைக் குறைத்து, மாணவர்களைப் பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட்டார். கொலராடோவில் ஜொனதன் பெர்க்மன், ஏரன் சாம்ஸ் என்ற இரண்டு பள்ளி வேதியியல் ஆசிரியர்கள் 2007 வாக்கில் பாடத்தை வீடியோ எடுத்து வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஃபிளிப்டு வகுப்பு என்ற சொல் பரவியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கதிரி செய்தது இந்தப் பழைய முறையையும் எம்ஐடியின் தரமான வீடியோவையும் ஒட்டியதுதான். அந்த ஒட்டு நன்றாகப் பிடித்தது.

91 என்ற எண் வெளியே வந்ததும் உற்சாகம் தலைக்கேறியது. 2013 ஏப்ரலில், கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் இன்னும் 11 வளாகங்கள்வரை இந்தப் பாடத்தைக் கொண்டுபோகப் போவதாக அறிவித்தார்கள். பல பத்திரிகைகள் இதை எட்எக்ஸின் வெற்றியாக எழுதின.

இங்கே நிதானம் தேவை. இது குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து நடத்திய ஆய்வல்ல. ஆசிரியர் வேறு, மாணவர் வேறு. வீட்டில் வீடியோவும் பயிற்சியும், வகுப்பில் கணக்கும் என்று அந்தப் பிள்ளைகள் பாடத்தோடு செலவழித்த மொத்த நேரமும் கூடிவிட்டது. ஆர்வமுள்ள ஆசிரியர், புது முறை, எல்லாருடைய கண்ணும் தங்கள் மேல் இருக்கிறது என்ற உணர்வு, இவையும் சேர்ந்திருக்கும். 59க்கும் 91க்கும் இடையிலான அந்த 32 புள்ளிகளில் எவ்வளவு வீடியோவுக்குச் சேரும், எவ்வளவு மேசைக்கு மேசை நடந்ததற்குச் சேரும் என்று பிரிக்க வழியில்லை. ஆனால் ஒன்று உறுதி. அதே வீடியோவை ஆசிரியர் இல்லாமல் பார்த்த ஒன்றரை லட்சம் பேரில் ஐந்து சதவீதம்கூடத் தேறவில்லை. அங்கே சும்மா எட்டிப்பார்க்கப் பதிந்தவர்களே அதிகம் என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், வீடியோ மட்டும் இந்த வேலையைச் செய்திருக்காது என்பது என் முடிவு.

இரண்டாவது சோதனை: வகுப்பே இல்லை

2013 ஜனவரியில் கலிஃபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன், த்ரன், கயூமி மூவரும் சேர்ந்து புதுத் திட்டத்தை அறிவித்தார்கள். உடாசிட்டி தளத்தில் மூன்று பாடங்கள்: கல்லூரிக்கு முந்தைய அடிப்படைக் கணக்கு, அல்ஜீப்ரா, தொடக்கநிலைப் புள்ளியியல். ஒரு பாடத்துக்கு 150 டாலர். பாடத்துக்கு நூறு பேர், மொத்தம் முந்நூறு பேர். பாதிப் பேர் பல்கலைக்கழக மாணவர்கள், மீதிப் பேர் சமுதாயக் கல்லூரிகளிலும் உயர்நிலைப் பள்ளிகளிலும் படிப்பவர்கள். முடித்தால் முழு கிரெடிட்.

யாரைச் சேர்த்தார்கள் என்று கவனியுங்கள். அடிப்படைக் கணக்கில் சேர்ந்த பல்கலைக்கழக மாணவர்கள் அந்தப் பாடத்தில் ஏற்கெனவே ஒருமுறை தோற்றவர்கள். பள்ளி மாணவர்களில் ஒரு பகுதி ஓக்லாந்து நகரத்தின் ஒரு பள்ளியிலிருந்து வந்தார்கள். அவர்களில் சிலரிடம் வீட்டில் கணினியோ இணையமோ இல்லை என்பது பாடம் தொடங்கிய பிறகுதான் தெரியவந்தது. ஆன்லைன் பாடத்துக்கு ஆள் சேர்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. ஒரு ஆசிரியராக இந்த இடம்தான் என்னை மிகவும் வருத்துகிறது. அந்தப் பிள்ளைகள் தங்களால் முடியவில்லை என்று நினைத்திருப்பார்கள். அவர்களுக்குக் கிடைக்காமல் போனது ஒரு கணினியும் அதன் முன் உட்காரக் கொஞ்ச நேரமும்.

பாடங்களை அவசர அவசரமாகத் தயாரித்தார்கள். செமஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பகுதிகளைப் பதிவுசெய்தார்கள். அவரவர் வேகத்தில் போகலாம் என்ற சுதந்திரம் இருந்ததால், பின்தங்கியவர் மேலும் பின்தங்கினார். நிறுவனம் இணையவழி வழிகாட்டிகளை வைத்திருந்தது, ஆனால் அப்படியொரு உதவி இருப்பதே பல மாணவர்களுக்குத் தெரியவில்லை என்று பின்னால் வந்த ஆய்வு சொன்னது. முடிவுகளில் மிக மோசமானது அல்ஜீப்ராவில் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுடையது: நூற்றுக்கு 12 பேர் மட்டுமே தேறினார்கள்.

தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் நடந்த அந்த ஆய்வு 2013 செப்டம்பரில் வெளியானது. தேர்ச்சியோடு எது அதிகம் ஒட்டிப்போகிறது என்று பார்த்தார்கள். வயது, பாலினம், முந்தைய படிப்பு போன்ற மற்றக் காரணிகள் எல்லாவற்றையும்விட, மாணவர் எவ்வளவு பாடுபட்டார், எத்தனை பயிற்சி முடித்தார் என்பதே முன்னால் நின்றது. இதைப் படித்துவிட்டு, உழைத்தவன் தேறினான், உழைக்காதவன் தோற்றான், தளத்தின் மேல் தப்பில்லை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. ஒரு மாணவன் மூன்றாவது வாரம் உழைப்பை நிறுத்துகிறான் என்றால், ஏன் நிறுத்தினான் என்று அதே வாரம் கேட்க ஒருவர் இருந்தாரா என்பதுதான் கேள்வி. சர்க்யூட் வகுப்பில் இருந்தார். இங்கே இருந்தவர் எங்கே இருக்கிறார் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

2013 கோடைகாலத்தில் அதே திட்டத்தின் அடுத்த சுற்று முடிந்தபோது எண்கள் எகிறின. புள்ளியியலில் 83 சதவீதம் தேர்ச்சி. பாடத்தில் சில திருத்தங்கள் செய்திருந்தார்கள், அது உண்மை. ஆனால் அந்தச் சுற்றில் சேர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள். தானாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதே தளம் நன்றாகவே வேலை செய்தது. அந்த ஆண்டு நவம்பரில் த்ரனே ஒரு பத்திரிகைப் பேட்டியில் தங்கள் சரக்கு சரியில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். சான் ஹோசேயின் முதல் சுற்று மாணவர்களுக்கு இந்த ஊடகம் பொருந்தவில்லை என்றும் சொன்னார். உடாசிட்டி அதற்குப் பிறகு கல்லூரிக் கிரெடிட்டை விட்டு வேலைத்திறன் பயிற்சிப் பக்கம் போனது.

தத்துவத் துறை எழுதிய கடிதம்

இதற்கு நடுவே, 2013 ஏப்ரல் இறுதியில், அதே பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறை ஆசிரியர்கள் ஹார்வர்டின் மைக்கேல் சாண்டலுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். நீதி பற்றிய அவருடைய புகழ்பெற்ற பாடத்தை எட்எக்ஸ் வழியாக எடுத்து நடத்தும்படி துறைக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

அவர்களுடைய வாதம் இதுதான்: எங்கள் துறையில் இந்த வீடியோ தீர்த்துவைக்க வேண்டிய கல்விப் பிரச்சினை எதுவும் இல்லை. இந்தப் பாடத்தை நடத்தத் தகுதியான ஆசிரியர்கள் இங்கேயே இருக்கிறார்கள். இது செலவைக் குறைக்கும் வேலை. இப்படியே போனால் பல்கலைக்கழகங்கள் இரண்டு வகையாகப் பிரியும். வசதியான இடத்தில் பிள்ளைகள் பேராசிரியரோடு நேரில் வாதாடுவார்கள், மற்ற இடத்தில் அந்த வாதத்தை வீடியோவில் பார்ப்பார்கள். நாடு முழுக்க எல்லாத் தத்துவத் துறைகளிலும் நீதி பற்றி ஒரே ஒரு பாடம் ஓடுவது அச்சமூட்டுகிறது என்றும் எழுதினார்கள்.

சாண்டல் பதில் சொன்னார். வேறு கல்லூரி ஆசிரியர்களின் இடத்தைப் பறிக்கத் தன் வீடியோ பயன்படுவதைத் தான் கொஞ்சமும் விரும்பவில்லை என்றும், நிதி நெருக்கடியில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகங்கள் விஷயத்தில் அந்தக் கவலை நியாயமானதே என்றும் ஒப்புக்கொண்டார்.

சர்க்யூட் வகுப்பு வெற்றி பெற்ற அதே வளாகத்தில், அதே தளத்தை இன்னொரு துறை வேண்டாம் என்றது முரண் போலத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. மின்சுற்றுக் கணக்கில் வரும் தெவனின் தேற்றம் மாசசூசெட்ஸிலும் சான் ஹோசேயிலும் ஒன்றுதான். நல்ல விளக்கம் எங்கிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நீதி எது என்ற பாடத்தில் விவாதமே பாடம். அதை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் வகுப்பில் செய்ய என்ன மிச்சம் இருக்கும்? அப்புறம், ஒரு விஷயம் முக்கியம்: கதிரி வீடியோவை வைத்துக்கொண்டு தன் வகுப்பைத் தானே வடிவமைத்தார். தத்துவத் துறைக்கு மேலிருந்து வந்தது.

மேசைக்குப் பக்கத்தில்

மேசைக்கு மேசை போவதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன்.

தெவனின் மின்தடை கண்டுபிடிக்கும் கணக்கு. வீடியோவில் தெளிவாகச் சொல்லியிருப்பார்கள்: வோல்டேஜ் சோர்ஸை ஷார்ட் பண்ணு, கரண்ட் சோர்ஸை ஓப்பன் பண்ணு, முனைகளுக்கு நடுவே மின்தடையைக் கணக்கிடு. மாணவன் பார்த்திருப்பான், குறிப்பும் எடுத்திருப்பான். இப்போது கணக்கில் ஒரு டிபெண்டென்ட் சோர்ஸ் வருகிறது, அதாவது சர்க்யூட்டின் வேறொரு இடத்து மின்னோட்டத்தையோ மின்னழுத்தத்தையோ பொறுத்து மாறும் சோர்ஸ். பேனா ஒரு நொடி நிற்கும். பிறகு அதையும் சேர்த்து ஓப்பன் பண்ணிவிடுவான். அங்கேயே கணக்கு போச்சு. இன்டிபெண்டென்ட் சோர்ஸை மட்டும்தான் அணைக்கலாம். மற்றதை அப்படியே விட்டுவிட்டு, முனையில் 1 வோல்ட் சோதனை சோர்ஸ் ஒன்றைக் கொடுத்து எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த விதியும் வீடியோவில் இருக்கிறது. இரண்டு முறை சொல்வார்கள். ஆனால் பேனா நின்ற அந்த ஒரு நொடியை வீடியோவால் பார்க்க முடியாது. கடைசி விடை தப்பு என்று மட்டும் தளம் சிவப்பில் காட்டும். பக்கத்தில் நிற்கும் நான் பார்க்கிறேன். பல நேரம் நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து மாணவி "ஏய், அது டிபெண்டென்ட் சோர்ஸ்டா, அதை எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிடுவாள். அவன் ஏன் என்று கேட்பான். அவள் விளக்கத் தொடங்கி, பாதியில் தனக்கே சரியாகத் தெரியவில்லை என்று கண்டுபிடிப்பாள். அப்போதுதான் இரண்டு பேரும் என்னைப் பார்ப்பார்கள். நான் லெக்சர் எடுத்த வருடங்களில் இப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததே இல்லை.

எடுத்த எடுப்பிலேயே இது நடக்கவில்லை. முதல் இரண்டு வாரம் பாதிப் பேர் வீடியோ பார்க்காமல் வந்தார்கள். கல்லூரிப் பேருந்தில் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டவர்கள் உண்டு, விடுதியில் டேட்டா தீர்ந்துபோனவர்கள் உண்டு. "சார், நீங்களே நடத்திடுங்க சார், அதான் எங்களுக்குப் புரியுது" என்று கேட்டார்கள். அந்த வார்த்தையில் ஒரு ஆசிரியருக்கு வரும் சபலம் பெரியது. நடத்திவிட்டால் பார்க்காமல் வந்தவனுக்கு அதுவே வழக்கமாகிவிடும். நான் செய்தது சின்ன வேலைதான். வீடியோவைப் பத்து நிமிடத்துக்குள் சுருக்கினேன், ஃபைலைக் கணினி ஆய்வகத்தில் இறக்கிவைத்து மாலையில் திறந்துவிடச் சொன்னேன், வகுப்பு தொடங்கியதும் இன்டர்னல் மார்க்கில் சேரும் மூன்று கேள்வி கேட்டேன். ஒரு மாதம் ஆனது. பிறகு வண்டி ஓடத் தொடங்கியது.

நம் பக்கம்

எட்எக்ஸை 2021இல் 2யூ நிறுவனம் 80 கோடி டாலருக்கு வாங்கியது. உடாசிட்டியை 2024இல் அக்சென்ச்சர் எடுத்துக்கொண்டது. ஆனால் சான் ஹோசே எதிர்கொண்ட அதே கேள்வி இப்போது நம் கல்லூரிகளின் மேசையில் இருக்கிறது. 2021 பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம்வரை ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையப் பாடத் தளத்தின் வழியே எடுத்துக் கிரெடிட் பெறலாம். 2016 விதியில் அது 20 சதவீதமாக இருந்தது. ஸ்வயத்தில் பொறியியல் பாடங்களின் பெரும்பகுதி ஐஐடிகளின் என்பிடெல் திட்டத்திலிருந்து வருகிறது. அதைச் சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கிறது. வீடியோக்களின் தரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை, என் மாணவர்களுக்கு நானே கொடுக்கிறேன். தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும் என்பதும் நல்ல ஏற்பாடு. கல்லூரிக்கு ஒரு பொறுப்பாளர், பாடத்துக்கு ஒரு வழிகாட்டி என்ற அமைப்பும் இருக்கிறது.

எனக்குள்ள அச்சம் கால அட்டவணை பற்றியது. மாணவர்கள் என்பிடெல்லில் ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டதும், அந்தப் பாடத்துக்கான பீரியட் அட்டவணையிலிருந்து காணாமல் போகிறது. வழிகாட்டி என்று பெயர் போட்ட ஆசிரியருக்கு அது பணிச்சுமைக் கணக்கில் வருவதில்லை. அந்தப் பீரியடை எடுத்துவிட்டால் நாம் உடாசிட்டி பக்கம் போகிறோம். வைத்துக்கொண்டால் கதிரியின் வகுப்புப் பக்கம். வீடியோ இரண்டிலும் ஒன்றுதான்.

போன செமஸ்டர் முடிவில் துறைத் தலைவரிடம் இதைத்தான் கேட்டேன்: பாடம் ஆன்லைனில் இருக்கட்டும், வாரத்துக்கு இரண்டு பீரியட் அட்டவணையில் இருக்கட்டும், நீளமான மேசை உள்ள அறை ஒன்று கொடுங்கள், மூன்று பேர் சேர்ந்து உட்கார வேண்டும். அவர் யோசித்துவிட்டு டிராயிங் ஹாலைக் கொடுத்தார். செவ்வாய் மூன்றாம் பீரியட், வெள்ளி ஐந்தாம் பீரியட். முதல் நாள் யாரிடம் வீட்டில் இணையம் இல்லை என்று ஒரு தாளில் எழுதி வாங்கப்போகிறேன். வீடியோ அதற்கப்புறம்தான்.